புல் முளைத்த வாசல்

எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு வீடு பாழடைந்துவிட்டது என்று சொல்ல, கூரையைப் பற்றியோ சுவரைப் பற்றியோ பேச மாட்டார்கள். "வாசல்ல புல்லு மொளைச்சிடுச்சி" என்பார்கள். வீட்டில் நடமாட்டம் இல்லை, கூட்ட ஆள் இல்லை, தேடி வருகிறவர்களும் இல்லை என்ற மூன்று செய்தியும் அதில் வந்துவிடும். முப்பது வருடத்துக்கு மேல் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியராக இருந்து, அடுத்தவர்கள் எழுதியதை வெட்டிச் சுருக்கியவன் நான். இதைவிடச் சின்ன வரியில் அந்த மூன்றையும் என்னால் சொல்லியிருக்க முடியாது.

என் வாசலில் புல் முளைத்தது, மனைவி இறந்ததற்கு அடுத்த மழையில்.

கடலூரில், தேவனாம்பட்டினம் போகும் சாலையிலிருந்து பிரிகிற ஒரு தெருவில் வீடு. முன்னால் மண் வாசல், இடது ஓரத்தில் ஒரு வேப்ப மரம், கம்பி கேட். கடல் பக்கம் என்பதால் மண்ணில் பாதி மணல்தான். அவள் தினமும் காலையில் தண்ணீர் தெளித்துக் கூட்டுவாள். துடைப்பத்தின் கோடு கேட்டிலிருந்து படிவரை வரிவரியாக இருக்கும். இரவுப் பணி முடிந்து நான் வரும் நேரமும் அதுதான். கூட்டி முடித்த வாசலில் முதல் காலடி என்னுடையதாக இருக்கும். "ஓரமா நடந்து வரக்கூடாதா?" என்பாள். அப்படி நடந்ததாக எனக்கு நினைவில்லை.

ஒரு வாரக் காய்ச்சலில் போய்விட்டாள். எங்களுக்குக் குழந்தை இல்லை. நாற்பதாம் நாள் ஃபாத்திஹா வரை வீட்டில் ஆட்கள் இருந்தார்கள். பிறகு பெருநாளுக்கு வந்தார்கள். அதன்பிறகு பெருநாளுக்குப் போனில் பேசினார்கள். யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. இழவு வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லா இடத்திலும் இந்த வரிசையில்தான் குறைகிறார்கள்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றேன். துடைப்பம் கதவுக்குப் பின்னால் இருந்தது. நான் எடுக்கவில்லை. மழை பெய்தது. கோரை, நெருஞ்சி, அருகு எல்லாம் அவரவர் இடத்தைப் பிடித்துக்கொண்டன. பக்கத்து வீட்டம்மா சுற்றுச்சுவருக்கு மேலாக ஒருநாள் கூப்பிட்டார்.

"பாய், ஒன்னு சொன்னா தப்பா நெனைக்க மாட்டீங்களே?"

"சொல்லுங்கம்மா."

"வூட்டுல ஆளு இருக்கும்போதே வாசல்ல புல்லு மொளைக்க வுடக்கூடாது. பாக்கறவங்க இன்னா நெனைப்பாங்க? எங்க வாசல பாருங்க, பையன் சொன்னான்னு பூரா சிமெண்ட்டு போட்டுட்டோம். ஒரு பூண்டு வராது."

"இங்க பாக்கறதுக்கு யாரும்மா வராங்க?"

"ஏன், நான் பாக்கல?" என்றார்.

அந்த மாதத்தில்தான் மச்சான் ஒரு நோட்டீஸ் எழுதித் தரச் சொல்லி வந்தார்.

மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். அவளுக்கு இருந்த ஒரே உடன்பிறப்பு. வளைகுடாவில் ஒரு கம்பெனியில் பல வருடம் இருந்தவர். ஓட்டல், வில்லா, அலுவலகம் என்று அடுத்தவர்களின் புல்தரையைப் பாலைவனத்தில் பச்சையாக வைத்திருப்பதுதான் அந்தக் கம்பெனியின் தொழில். தங்கை மௌத்தான செய்தி கிடைத்து, விடுப்பும் டிக்கெட்டும் கிடைத்து, அவர் வந்து சேர்ந்தது மூன்றாம் நாள். எல்லாம் முடிந்திருந்தது. கேட்டுக்குள் வந்து நின்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"எங்க வெச்சிருந்தீங்க?"

வேப்ப மரத்தடியைக் காட்டினேன். அவளை வைத்துத் தூக்கிப்போன சந்தூக்குப் பெட்டி அங்குதான் இருந்தது. அங்கேயே கொஞ்ச நேரம் நின்றார். வீட்டுக்குள் வரவில்லை. பிறகு அவளை அடக்கிய கபர்ஸ்தானுக்குப் போனார்.

அவர் திரும்ப வளைகுடாவுக்குப் போகவில்லை. சொந்த ஊரான சிதம்பரத்தில், குட்டியானை என்று எல்லாரும் சொல்கிற சின்ன சரக்கு வண்டி ஒன்றும் புல் வெட்டும் மெஷின் ஒன்றும் வாங்கி, தெரிந்த தொழிலைத் தொடங்கினார். சில கல்யாண மண்டபங்கள், சில டாக்டர் வீடுகள், ஒரு லாட்ஜ் என்று வாடிக்கை பிடித்திருந்தார். அதைப் பெருக்கத்தான் நோட்டீஸ்.

அவர் என்னை மச்சான் என்பார். நானும் அவரை மச்சான் என்பேன். எங்களில் அப்படித்தான். இரண்டு பக்கமும் ஒரே சொல். நடுவில் ஒருத்தி இருந்ததால் வந்த சொல் அது. அவள் போன பிறகும் நாங்கள் வேறு சொல்லுக்கு மாறவில்லை.

படியில் உட்கார்ந்து, போனில் எழுதி வைத்திருந்ததைப் படித்துக் காட்டினார்.

"'புல்தரை போடுங்கள், ஆஸ்பத்திரியை மறந்துவிடுங்கள்.' எப்பிடி மச்சான்?"

"டாக்டர் வூட்டுக்கு லான் போடுறவரு நீங்க. அந்த டாக்டர் இத படிச்சா?"

யோசித்தார். "அவுங்க தெருவுல மட்டும் நோட்டீஸ் குடுக்க வேணாம்னு சொல்லிடறேன்."

"பாக்காதத நான் எழுத மாட்டேன் மச்சான்."

"பேப்பர்க்காரன்கிட்ட வந்தது என் தப்பு" என்றார். பிறகு வாசலைப் பார்த்தார். "அப்போ இங்கயே போட்டுடறேன். பாத்து எழுதுங்க."

"எனக்கு எதுக்கு லான்? நான் ஒரு ஆளு."

"போட்டுட்டு வுடுற சாமான் இல்ல இது. ஒரு வாரம் வுட்டு ஒரு வாரம் வந்து பாத்தாவணும். சனிக்கெழமயில வரேன்."

சரி என்றேன். நோட்டீஸுக்காகச் சொன்ன சரி அல்ல அது.

மண்ணைக் கொத்திக் கோரைக்கிழங்கைப் பொறுக்கவே இரண்டு தடவை வந்தார். கோரை மேலே பார்த்தால் புல். கீழே மணிமணியாகக் கிழங்கு. ஒன்று தங்கினாலும் மறுபடி ஒரு குடும்பமே வந்துவிடும். பிறகு செம்மண்ணும் மக்கிய எருவும் கலந்து பரப்பினார். எங்கள் தெருவில் போர் தண்ணீர் உப்பு என்பதால், உப்பைத் தாங்கும் அருகு வகையாகப் பார்த்து, பாய் போலச் சுருட்டிக் கொண்டுவந்தார். புல் பதிக்கும்போது நேர்க்கோடு கிடைக்கும் பக்கத்திலிருந்து, அதாவது சுவர் ஓரத்திலிருந்து, தொடங்குவதுதான் முறை என்று அதற்கு முந்தின வாரம் அவரே சொல்லியிருந்தார். அன்றைக்கு வேப்ப மரத்தடியிலிருந்து தொடங்கினார். நிழலில் அருகு சரியாக வராது என்பதும் அவருக்குத் தெரியும். அந்த இடத்துக்கு மட்டும் நிழல் தாங்கும் வேறொரு புல் கொண்டுவந்திருந்தார்.

மற்ற வாடிக்கைக்காரர்களைப் போல நானும் காசு கொடுத்தேன். அவரும் வாங்கிக்கொண்டார். அதனால்தான் எங்கள் இருவருக்கும் அது சுலபமாக இருந்தது.

புல் பிடித்தது. நான் என் வேலையைத் தொடங்கினேன். அதாவது பார்த்தேன்.

முதலில் தெரிந்தது தூசி. முன்னறையில் புத்தக அலமாரி இருக்கிறது. முன்பெல்லாம் காலையில் துடைத்தால் மாலையில் விரலால் அதன்மேல் எழுதலாம். கடல் காற்று வாசல் மணலை அள்ளி ஜன்னல் வழியாக உள்ளே போடும். புல் வந்தபிறகு வாரத்தில் இரண்டு தடவை துடைத்தால் போதும் என்று ஆனது. வீட்டுக்குள் வெறுங்காலோடு நடந்தால் நறநறவென்று மிதிபடும் மணலும் குறைந்தது.

அடுத்தது சூடு. சித்திரை மாதம் பகல் உச்சியில், பக்கத்து வீட்டம்மாவிடம் சொல்லிவிட்டு, அவர்கள் சிமெண்டுத் தரையில் உள்ளங்கையை வைத்தேன். எடுத்துவிட்டேன். அதே நேரத்தில் என் வாசல் புல்லில் வைத்தேன். வைத்தபடியே இருக்க முடிந்தது. "பாய்க்கு இன்னா ஆச்சி?" என்று அவர் உள்ளே யாரிடமோ கேட்டது காதில் விழுந்தது. மாலையில் முன்னறை ஜன்னலைத் திறந்து வைத்தேன். பல வருடமாகக் கோடையில் திறக்காத ஜன்னல் அது. மின்விசிறி அதே வேகத்தில்தான் சுற்றியது. காற்றில் மட்டும் அனல் இல்லை.

பிறகு உயிர்கள். மண்புழு வந்தது. மண்புழுவைத் தேடி மைனா வந்தது. ஒரு உண்ணிக்கொக்கு காலையில் வந்து, வாடகைக்கு வீடு பார்க்கிறவர் போல மூலை மூலையாக நடந்துவிட்டுப் போகும்.

போர் தண்ணீரில் உப்பு குறைந்துவிட்டது என்று எழுத ஆசைப்பட்டேன். என் நாக்கைத் தவிர வேறு ஆதாரம் இல்லை. அடித்துவிட்டேன்.

புல்தரைக்கு எதிரான கட்சியும் எனக்குத் தெரியும். தண்ணீர் பஞ்சமான ஊரில் புல்லுக்குத் தண்ணீரா என்பது நியாயமான கேள்வி. அதையும் மச்சானிடம் கேட்டேன்.

"தெனம் தெளிச்சீங்கன்னா வேரு மேலயே நின்னுக்கும், சோம்பேறியாயிடும். ஊற வுட்டு ஊத்துங்க, அப்புறம் காய வுடுங்க. வேரு தண்ணிய தேடிக்கினு கீழ போவும்."

"எப்ப ஊத்தணும்னு எப்பிடித் தெரியும்?"

"காலால மிதிச்சிப் பாருங்க. புல்லு எழுந்துக்கினா வேணாம். மிதிச்ச தடம் அப்பிடியே கெடந்துச்சின்னா தாகமா இருக்குதுன்னு அர்த்தம்."

அதற்கப்புறம் காலையில் வாசலில் நடந்துவிட்டுத் திரும்பிப் பார்ப்பேன். சில நாள் தடம் மறைந்திருக்கும். சில நாள் கேட்டிலிருந்து படிவரை அப்படியே இருக்கும். எந்த நாளிலும் ஒரு ஜோடித் தடம்தான். அரிசி கழுவின தண்ணீர், காய்கறி அலசின தண்ணீர் எல்லாம் ஒரு வாளியில் சேரும். ஒருவன் சமையலில் எவ்வளவு சேரும்? இருந்தாலும் சேர்த்தேன்.

யூரியா போட்டால் பச்சை கூடுமே என்று கேட்டதற்குத் திட்டினார். வெட்டும்போதும் அவர் ஒட்ட வெட்ட மாட்டார். "மொட்ட அடிச்சா வெயிலு நேரா மண்ணுல எறங்கும். மேலாப்புல எடுத்தா போதும்." கோடையில் மெஷினில் வெட்டிய புல் சேரும் பெட்டியைக் கழற்றிவிட்டு ஓட்டுவார். வெட்டுப்பட்ட துணுக்கு அங்கேயே விழுந்து எருவாகும். மற்ற மாதங்களில் பெட்டியோடு ஓட்டுவார். பெட்டி நிறைந்ததும் கேட்டுக்கு வெளியே கொட்டி, காத்திருக்கும் மாட்டுக்குப் போடுவார். மாடும் சனிக்கிழமையைத் தெரிந்துவைத்திருந்தது.

நானும்தான். குட்டியானை தெரு திரும்பும் சத்தம் எனக்குத் தனியாகத் தெரியும். டீ போட்டு வைப்பேன். உள்ளே வாங்க என்று ஒவ்வொரு தடவையும் சொல்வேன். "காலு பூரா மண்ணு" என்பார். படியில் நின்றே குடிப்பார். பேச்சு பிளேடு, கோரை, மண்டபத்துக்காரர்கள் என்று போகும். கல்யாணத்துக்கு வருகிறவர்கள் புல்லில் ஐஸ்கிரீமைக் கொட்டுவதைப் பற்றி அவர் நிறையச் சொல்வார். அவளைப் பற்றி இருவரும் ஒரு தடவைகூடப் பேசியதில்லை. போகும்போது வேப்ப மரத்தடியில் குனிந்து, புல் பிடித்திருக்கிறதா என்று ஒரு கொத்தை மெல்ல இழுத்துப் பார்ப்பார். பிறகு "வரேன் மச்சான்" என்பார்.

எனக்கு வெள்ளிக்கிழமை ஜும்மா இருந்தது. ஒன்று விட்டு ஒரு சனிக்கிழமை மச்சான் இருந்தார். மற்ற நாட்களுக்குப் பெயர் மட்டும் இருந்தது.

ஆவணியில் பிள்ளையார் சதுர்த்தி நெருங்கியது. பக்கத்து வீட்டம்மா சுவரோரம் வந்தார்.

"பாய், உங்க வாசல்ல இருக்கறது அருகுதான?"

"அருகு வகைதான்."

"சாமிக்கு மால கட்டணும். மூணு இல வெச்ச நுனியா வேணும். நீங்க வெட்டிடறீங்க, நுனியே இல்ல. இந்த வாட்டி வெட்டாம இருந்தா நல்லா இருக்கும்."

"சரிம்மா, சொல்றேன்" என்றேன். சுவரோரம் ஒரு வரிசையை மட்டும் விட்டுவிடும்படி மச்சானிடம் நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்பது என் கணக்கு.

மச்சான் வரவேண்டிய சனிக்கிழமை கண் பரிசோதனைக்குப் புதுச்சேரி போகவேண்டியிருந்தது. அவர் வருவதற்குள் திரும்பிவிடலாம் என்று கிளம்பினேன். ஆஸ்பத்திரியில் கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டு உட்கார வைத்துவிட்டார்கள். திரும்பி வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. புல் வெட்டப்படவில்லை. டீ போடாத பாத்திரம் கவிழ்த்தபடி இருந்தது. மச்சான் வரவில்லை என்று நினைத்தேன்.

பண்டிகையன்று பக்கத்து வீட்டம்மாவும் தெருப் பெண்கள் சிலரும் வந்து நுனி கிள்ளினார்கள். வாசல் கொஞ்ச நேரம் சத்தமாக இருந்தது. மறுநாள் அந்தம்மா சென்னையில் மகன் வீட்டுக்குப் போய்விட்டார்.

அவர் முறை வரும் அடுத்த சனிக்கிழமை டீ போட்டு வைத்தேன். குட்டியானை வரவில்லை. அதற்கடுத்ததிலும் வரவில்லை.

நான் போன் செய்யவில்லை. அதற்குக் காரணங்கள் இருந்தன. தொழில் பெருகியிருக்கும். மற்ற வாடிக்கையெல்லாம் சிதம்பரத்தில். "ஒரு வாசலுக்காக டீசல் போட்டுக்கினு வரேன் பாருங்க" என்று அவரே ஒருதடவை சிரித்துக்கொண்டு சொன்னதுண்டு. இழவு வீட்டுக்கு வருகிறவர்கள் எந்த வரிசையில் குறைவார்கள் என்பதும் எனக்குத் தெரியும். அந்த வரிசையில் கடைசியாக நின்றவர் இவர். ஏன் வரவில்லை என்று கேட்டால், வருகிறேன் என்றுதான் சொல்வார். அப்படிச் சொல்ல வைத்து ஒருவரை வரவழைக்க எனக்கு மனமில்லை.

புரட்டாசியில் புல் முழங்காலை நோக்கி வளர்ந்தது. அருகு தலை நீட்டிக் கதிர் விட்டது. அதன் நடுவில் வேறொரு பச்சையில், விறைப்பாக, கோரை எழுந்தது. முதலில் வேப்ப மரத்தடியில்தான். மூன்று பட்டையாக இருந்த அதன் தண்டை விரலால் உருட்டிப் பார்த்தேன். பிடுங்கினேன். மேலே இருந்தது மட்டும் கையோடு வந்தது.

கபர்ஸ்தானில் புல் வளர்ந்தால் யாரும் குறை சொல்வதில்லை. அங்கே பச்சை இருப்பது நல்லது என்று நாங்களே செடி நட்டு வைக்கிறோம். அவள் தலைமாட்டில் நட்டதும் நன்றாகத்தான் வந்திருக்கிறது. வாசல்தான் பேச்சுக்கு இடம் கொடுக்கிறது. கூரியர் கொடுக்க வந்தவர் ஒருநாள் கேட்டுக்கு வெளியே நின்று, எதிர்வீட்டில், "இங்க ஆளு இருக்காங்களா?" என்று விசாரித்தார். நான் ஜன்னலுக்குள் நின்றிருந்தேன்.

ஐப்பசியில் பெருமழை. பக்கத்து வீட்டம்மா முதல்நாள்தான் சென்னையிலிருந்து திரும்பியிருந்தார். இரவெல்லாம் கொட்டியது. காலையில் தெருவில் கணுக்காலுக்கு மேல் தண்ணீர். அவர்கள் சிமெண்டு வாசலில் விழுந்த மழைக்குப் போக இடமில்லை. படியேறி உள்ளே போய்விட்டது. பாத்திரத்தால் மொண்டு ஊற்றும் சத்தம் கேட்டது. என் வாசலிலும் தண்ணீர் நின்றது. மழை விட்டு, நான் சோறு வடித்து முடிப்பதற்குள் வடிந்துவிட்டது. கவனிக்க ஆளில்லாமல் காடாகக் கிடந்தபோதும், கீழே அவர் கொத்திப் போட்ட மண் தன் வேலையைச் செய்தது. இதை நோட்டீஸில் சேர்க்கலாம் என்று தோன்றியது. நோட்டீஸ் யாருக்கு என்றும் தோன்றியது.

அந்தம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, செருப்பைக் கையில் பிடித்தபடி என் கேட்டுக்குள் வந்தார்.

"எங்க கால வெச்சாலும் வழுக்குது. ஒங்க வாசல்லதான் நிக்க முடியுது பாய்." சுற்றிப் பார்த்தார். "அது சரி, ஏன் இப்பிடிக் காடா வுட்டு வெச்சிருக்கீங்க? ஒங்க மச்சான் வரலியா?"

"வரல."

"எப்பலேர்ந்து?"

"ஆவணிலேர்ந்து."

"ஆவணியில வந்தாரே."

நான் அவரைப் பார்த்தேன்.

"வண்டியில மெஷின்லாம் வெச்சிக்கினு வந்தாரு. நீங்க இல்ல. நாந்தான் கேட்டாண்ட சொன்னேன், பாய் வெட்ட வேணான்னுட்டாரு, நீங்க போங்கன்னு. நீங்கதான சொல்றேன்னீங்க? ஊருக்குப் போற அவசரத்துல ஒங்களாண்ட சொல்ல மறந்துட்டேன் போல."

"அவுரு என்ன சொன்னாரு?"

"ஒன்னும் சொல்லல. சரிம்மான்னாரு. கேட்டுக்குள்ள எட்டி அந்த மரத்தாண்ட பாத்தாரு. அப்புறம் கேட்ட சாத்திட்டுப் போயிட்டாரு. ஏன் பாய், தப்பாயிடுச்சா?"

"இல்லம்மா" என்றேன். அவர் மேல் தப்பில்லை. அவர் வழக்கத்தில் அது சாமிக்கு வேண்டிய புல். எங்கள் வழக்கத்தில், பெண் எடுத்த வீட்டு மச்சானை வாசலோடு திருப்பி அனுப்புவது என்றால் அதற்கு ஒரே பொருள்தான், உறவு முடிந்தது. பெண்ணும் இல்லாத வீட்டில், கதவு பூட்டியிருக்க, அடுத்த வீட்டார் வாயால் அதைச் சொல்லி அனுப்பினால், பிறகு அவர் என்ன நினைப்பார் என்று யோசிக்கத் தேவையில்லை.

போனை எடுத்தேன், வைத்துவிட்டேன். தெருவில் தண்ணீர் கொஞ்சம் வடிந்ததும் சிதம்பரம் பஸ் ஏறினேன். ரசாயன ஆலைகள் இருக்கும் செம்மங்குப்பம் வந்தபோது ஜன்னலோரத்தில் இருந்தவர்கள் துண்டை மூக்கில் வைத்துக்கொண்டார்கள், தாண்டியதும் எடுத்தார்கள். புதுச்சத்திரத்தில் வயலெல்லாம் ஏரி போலக் கிடந்தது. வெள்ளாற்றுப் பாலத்தில் எல்லாரும் எழுந்து தண்ணீரைப் பார்த்தார்கள். நான் என்ன சொல்வது என்று கோர்த்துக்கொண்டே போனேன். யார், எப்போது, எங்கே, எப்படி. செய்திக்கு இவ்வளவு போதும்.

மச்சான் ஒரு கல்யாண மண்டபத்தின் புல்தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். முந்தின நாள் கல்யாணம். ஈரத்தில் நாற்காலிக் கால்கள் இறங்கி, தரை முழுக்கக் குழி. ஒவ்வொரு குழியிலும் ஒரு பிடி மணல் போட்டுக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டிருந்தார்.

"வாங்க மச்சான்" என்றார். எழுந்திருக்கவில்லை.

நின்றபடியே சொன்னேன். அருகம்புல், புதுச்சேரி, சொட்டு மருந்து, பக்கத்து வீட்டம்மா. அவர் குழிகளை அடைத்துக்கொண்டே கேட்டார். முடித்ததும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து அடுத்த குழிக்குப் போனார்.

"ரெண்டு மாசமா நான் வரல. ஒரு போனு பண்ணலாமில்ல?"

"நீங்களும் பண்ணல."

"வேணான்னு சொல்லி அனுப்பின எடத்துக்கு நான் எப்பிடிப் பண்ணுவேன்?" ஒரு பிடி மணல் போட்டார். "கதவ சாத்திக்கினு நீங்க உள்ளதான் இருக்கீங்களோன்னு நெனச்சேன்."

"வெளிய பூட்டு தொங்கியிருக்குமே."

"பூட்டப் பாத்தேன்" என்றார். "இருந்தாலும் நெனச்சேன்."

நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். மணல் சட்டியை என் பக்கம் கொஞ்சம் நகர்த்தினார். ஒரு குழியை அடைத்தேன். "ஜாஸ்தி அமுக்காதீங்க" என்றார்.

"கோரை வந்திருக்குமே?"

"வந்துடுச்சி."

"எங்க?"

"மரத்தடியில."

அவர் கை நின்றது. "புடுங்கினீங்களா?"

"கொஞ்சம்."

"புடுங்காதீங்க. மேல மட்டும் வரும், கெழங்கு உள்ளயே நின்னுக்கும். வர சனிக்கெழம நான் வரேன்." பிறகு, "அந்த நோட்டீஸு எழுதினீங்களா, இல்லியா?"

சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். தூசி, சூடு, மண்புழு, கிளம்பும்போது சேர்த்த மழைத் தண்ணீர் என்று நான் பார்த்தவை மட்டும். மணல் கையைத் துடைத்துக்கொண்டு படித்தார்.

"ஆஸ்பத்திரி இல்லியா?"

"இல்ல."

"'பயன்கள்'னு போட்டு, மொதல்ல 'ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் நேரில் வந்து பராமரிப்போம்'னு எழுதியிருக்கீங்க. இது சர்வீஸு மச்சான், பயன் இல்ல. இத அடியில, போன் நம்பராண்ட போடணும்."

முக்கியமானதை முதலில் போடு என்பதுதான் எங்கள் தொழிலின் முதல் பாடம். அவரிடம் அதைச் சொல்லவில்லை. அவர் அந்த வரியை அடிக்கவும் இல்லை. அப்படியே அச்சானது.

சனிக்கிழமை வந்தார். மெஷின் ஓட முடியாத உயரம். அரிவாளால் முதலில் அரிந்தார். பிறகு மரத்தடியில் உட்கார்ந்து, சிறு களைக்கொத்தால் கிழங்கு கிழங்காக எடுத்து ஒரு டப்பாவில் போட்டார். பக்கத்து வீட்டம்மா சுவரோரம் வந்து, "அண்ணே, மன்னிச்சிக்குங்க, புள்ளையாருக்காவச் சொன்னேன்" என்றார். "புள்ளையாரே நேர்ல வந்து சொன்னாலும் இனிமே பாய கேட்டுக்கினுதான் போவேன்" என்றார் மச்சான். அந்தம்மா சிரித்துவிட்டு, தன் சிமெண்டு வாசலில் பாதியைப் பெயர்த்துப் புல் போட முடியுமா என்று கேட்டார். மகனிடம் கேட்டுச் சொல்வதாகவும் சொன்னார். மகன் இன்னும் சம்மதிக்கவில்லை.

மார்கழி வந்தது. பனியில் புல் வளராது. தொடக்கத்திலேயே மச்சான் சொல்லியிருந்தார், மார்கழி, தை இரண்டு மாதமும் மாதத்துக்கு ஒரு தடவை வந்தாலே ஜாஸ்தி என்று. முதல் சனிக்கிழமை வந்து, மேலாக வெட்டி, ஓரம் கத்தரித்துவிட்டுப் போனார். இனி தையில்தான் என்று கணக்குப் போட்டு நான் டீத்தூள் வாங்காமல் இருந்தேன்.

இரண்டு வாரம் கழித்து, பழைய முறைப்படி வரும் சனிக்கிழமை காலையில் தெரு முனையில் குட்டியானைச் சத்தம் கேட்டது.

கேட்டைத் திறந்து மெஷினை இறக்கினார். சலாம் சொன்னார். வாசலைப் பார்த்தார். வெட்ட ஒன்றும் இல்லை என்று எனக்கே தெரிந்தது. பெட்டியை மாட்டினார். சுவரோரத்திலிருந்து தொடங்கி, நேர்க்கோடாகப் போய், திரும்பி, அடுத்த கோடாக வந்தார். மரத்தடியில் மெதுவாக ஓட்டினார். முழு வாசலும் முடிந்ததும் மெஷினை நிறுத்தி, பெட்டியைக் கழற்றிக் கவிழ்த்துப் பார்த்தார். சில வேப்பிலைச் சருகுகள் விழுந்தன. புல் இல்லை.

"ம்" என்றார். வெளியே நின்ற மாடு கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நகர்ந்தது.

"டீத்தூளு இல்ல மச்சான்" என்றேன்.

"தண்ணி குடுங்க."

படியில் நின்று குடித்தார். சொம்பைத் திருப்பிக் கொடுக்கும்போது, திறந்திருந்த கதவு வழியாக உள்ளே கொஞ்சம் பார்த்தார். காலில் மண் இல்லை.

"அடுத்த வாரம் இல்ல, அதுக்கு அடுத்த வாரம்" என்று வண்டியில் ஏறினார்.

வண்டி திரும்பிய பிறகு பார்த்தேன். பனி ஈரத்தில் மெஷின் சக்கரம் போன இடமெல்லாம் புல் ஒரு பக்கமாகச் சாய்ந்து, கேட்டிலிருந்து படிவரை வரிவரியாக இருந்தது. கேட்டைச் சாத்தப் போகவேண்டும். சுவரை ஒட்டி, ஓரமாக நடந்து போனேன்.